வெள்ளியில் நிற்கும் நீலம்

உசிலம்பட்டியில் அப்பத்தா வீட்டுச் சாமி அலமாரியில் பழைய வெள்ளி விளக்கு ஒன்று இருக்கிறது. உச்சியில் மயில், கழுத்தில் நீலம், தோகையில் பச்சை. வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை அப்பத்தா அதைப் புளியும் திருநீறும் போட்டுத் தேய்ப்பார். வெள்ளி மின்னும். மயிலின் கழுத்து மட்டும் வருஷா வருஷம் மங்கிக்கொண்டே வந்தது.

அந்த நீலம் சாயமல்ல, கண்ணாடி. வெள்ளியில் உளியால் பள்ளம் வெட்டி, அரைத்த கண்ணாடிப் பொடியைத் தண்ணீரில் குழைத்து அதில் நிரப்பி, உலையில் உருக்கிப் பிடிக்கவைப்பார்கள். நாம் எனாமல் என்கிறோம். ஜெய்ப்பூரிலும் காசியிலும் மீனா வேலை. கோபால்ட் சேர்ந்தால் நீலம், செம்பு சேர்ந்தால் பச்சை. ஒளி கண்ணாடிக்குள் புகுந்து, அடியில் உள்ள வெள்ளியில் பட்டு, அதே நிறத்தைக் கடந்து திரும்பி வருகிறது. கண்ணுக்குத் தெரியும் ஒளியை வெள்ளி அளவுக்குத் திருப்பி அனுப்பும் உலோகம் வேறில்லை.

அப்படியென்றால் இந்த விளக்கில் ஏன் சிவப்பே இல்லை? மாணிக்கச் சிவப்புக்குக் கண்ணாடியில் தங்கம் சேர்க்க வேண்டும். அந்தக் கண்ணாடியை வெறும் வெள்ளிமேல் சுட்டால், வெள்ளி உள்ளே ஊடுருவி நிறத்தைப் பழுப்பாக்கிவிடும். அந்தச் சிவப்பு தங்க நகையில்தான் அழகாக நிற்கும்.

சுடுவதுதான் பெரிய வித்தை. சுத்த வெள்ளி 962 டிகிரி செல்சியஸில் உருகும். 7.5 சதவீதம் செம்பு கலந்ததோ 800 டிகிரியை ஒட்டியே இளகத் தொடங்கிவிடும். எனாமல் உருகுவதும் 700, 800 டிகிரிக்குள். கொஞ்சம் கூடினால் விளக்கே போய்விடும். அதனால் அதிகச் சூடு கேட்கும் நிறம் முதலில், குறைந்த சூட்டில் உருகும் நிறம் கடைசியில். ஆறும்போது இன்னொரு சிக்கல்: வெள்ளி சுருங்கும் அளவில் பாதிதான் சாதாரண ஜன்னல் கண்ணாடி சுருங்கும். எனாமல் கண்ணாடியின் சேர்மானத்தை வெள்ளிக்கு நெருக்கமாக அமைக்காவிட்டால் சில்லு சில்லாகப் பெயர்ந்துவிடும்.

வெள்ளி கறுப்பது அழுக்கினால் அல்ல. காற்றிலுள்ள கந்தக வாயு வெள்ளியோடு சேர்ந்து வெள்ளி சல்பைடு ஆகிறது. படலம் மெலிதாக இருக்கையில் மஞ்சள், பிறகு பழுப்பு, நீலம், கடைசியில் கறுப்பு. முட்டை, வெங்காயம், ரப்பர் பேண்டு எல்லாவற்றிலும் கந்தகம் உண்டு. தேய்க்கும் ஒவ்வொரு முறையும் அந்தப் படலத்தோடு வெள்ளியும் கொஞ்சம் போகிறது. புளியின் அமிலமோ பழைய கண்ணாடியின் மேற்பரப்பை அரிக்கிறது. திருநீற்றுத் துகள் அதைக் கீறுகிறது. மயில் மங்கியது அதனால்தான்.

வெந்நீரில் ஆப்பசோடாவும் அலுமினியத் தாளும் போட்டால், அலுமினியம் கந்தகத்தைப் பிடுங்கிக்கொண்டு வெள்ளியை விட்டுவிடும். வெறும் வெள்ளிக் கிண்ணத்துக்கு அது நல்ல வழி. எனாமல் உள்ள பொருளை மட்டும் அதில் போட்டுவிடாதீர்கள். திடீர்ச் சூட்டில் கண்ணாடி விரியும். விரிசல் வழியே நீர் இறங்கும். மெல்லிய பருத்தித் துணியால் துடைத்தால் போதும்.

இப்போது அப்பத்தா வேட்டித் துணியால்தான் துடைக்கிறார். தோகையில் சில்லு பெயர்ந்த பள்ளத்தை உருப்பெருக்கியில் பார்த்தேன். அடியில் குறுக்கும் நெடுக்குமாக நெருக்கமான உளிக் கீறல்கள். கண்ணாடி பிடித்து நிற்பதற்காகவும், உள்ளே போன ஒளி பல திசையில் பட்டுத் தெறிப்பதற்காகவும் யாரோ ஒரு பத்தர் பொறுமையாகப் போட்ட கோடுகள்.