‘தானாகச் சரியான’ அந்தக் கண்வலி

திருவண்ணாமலைக் கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். அடி அண்ணாமலை தாண்டியதும் கால் ஓய்ந்து உட்காருபவர்கள் ஏராளம். பெரும்பாலும் அது வெறும் களைப்புதான். ஆனால் உடம்பு சூடேறும்போதெல்லாம் ஒரே கண் மங்கி, நிழலில் சற்று ஆறியதும் தெளிகிறது என்றால் அதை அலட்சியம் செய்யக் கூடாது. 1890இல் ஊட்டாஃப் என்ற ஜெர்மன் கண் மருத்துவர் பதிவு செய்த அறிகுறி அது. நரம்பின் மேலுறையான மயலின் முன்பே சிதைந்திருந்தால், சூட்டில் சமிக்ஞை தடைபடும். ஸ்கேன் வராத காலத்தில், மல்டிபிள் ஸ்கிலிரோசிஸ் சந்தேகம் உள்ளவர்களை வெந்நீர்த் தொட்டியில் இறக்கியே சோதித்தார்கள். அக்னித் தலத்துச் சித்திரை வெயிலுக்குத் தொட்டி எதற்கு!

உடலின் எதிர்ப்புச் சக்தியே மூளை, தண்டுவடம், கண் நரம்புகளைத் தாக்கும் நோய்தான் மல்டிபிள் ஸ்கிலிரோசிஸ். தொற்றாது. பெரும்பாலும் 20 முதல் 40 வயதில் தலைகாட்டும்; பெண்களுக்கு அதிகம்.

ஒரு ரத்தப் பரிசோதனையில் இதைச் சொல்லிவிட முடியாது. வெவ்வேறு இடங்களில், வெவ்வேறு சமயங்களில் பாதிப்பு நடந்ததா என்பதே 2001இல் வந்த மெக்டொனால்டு வரையறையின் அடிப்படை. அதனால்தான் நரம்பு மருத்துவர் பழைய கதையைக் கிளறுகிறார். “முன்னாடி எப்பவாவது கண் வலிச்சு மங்கலாச்சாம்மா?” “ரெண்டு வருஷம் முன்னாடி டாக்டர்... தானா சரியாப் போச்சு.” நோயின் முதல் தாக்குதல் பல சமயம் இந்தப் பதிலில்தான் ஒளிந்திருக்கும். அடுத்து டார்ச்சை ஒரு கண்ணிலிருந்து மறு கண்ணுக்கு மாற்றி மாற்றி அடிப்பார். வெளிச்சம் பட்டதும் சுருங்க வேண்டிய கண்மணி விரிந்தால், அந்தக் கண் நரம்பு அடிபட்டிருக்கிறது. பார்வை திரும்பிய பிறகும் இந்தத் தடயம் மிஞ்சலாம்.

பிறகுதான் எம்.ஆர்.ஐ. அதில் இந்த நோயின் பாதிப்பு வெள்ளைப் புள்ளிகளாகத் தெரியும்; ஆனால் ஒற்றைத் தலைவலி, ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் மூளையிலும் அப்படிப் புள்ளிகள் தெரியலாம். ரிப்போர்ட்டை மட்டும் படித்து நோய்ப் பெயர் சூட்டுவது ஆபத்து. 2017 திருத்தத்தின்படி, முதுகில் ஊசி போட்டு எடுக்கும் தண்டுவட நீரில் ஒலிகோகுளோனல் பட்டைகள் தெரிந்தால், சிலருக்கு இரண்டாவது தாக்குதல் வரை காத்திருக்க வேண்டாம். பி12 குறைபாடு, காசநோய் போன்றவற்றையும் விலக்க வேண்டும். முக்கியமாக, என்.எம்.ஓ. எனும் ஒத்த நோய்க்கு 2004இல் கண்டறியப்பட்ட எதிரணுவைப் பார்த்தாக வேண்டும். மல்டிபிள் ஸ்கிலிரோசிஸுக்கான சில மருந்துகள் என்.எம்.ஓ.வை மோசமாக்கிவிடும்.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் மல்டிபிள் ஸ்கிலிரோசிஸையும் மாற்றுத்திறன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. வேலூருக்கோ சென்னைக்கோ நரம்பு மருத்துவரைப் பார்க்க பஸ் ஏறுபவர்கள், பழைய கண் ஆஸ்பத்திரிச் சீட்டையும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.