மேற்கோள் குறி விட்டால் கணக்கு போகும்

மேட்டுப்பாளையத்து உருளைக்கிழங்கு மண்டி ஒன்றின் கணினியில் 'மண்டி' என்றொரு கோப்புறை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நடப்புக் கணக்கு முழுவதும் அதில்தான். பக்கத்தில் 'மண்டி பழையது' என்று இன்னொன்று. மென்பொருள் புதுப்பிக்கும் ஸ்கிரிப்ட், பழையதை அழிக்க வருகிறது. கோப்புறைப் பெயரைத் தாங்கும் மாறியைச் சுற்றி இரட்டை மேற்கோள் குறி இல்லை. கட்டளைகளை இயக்கும் ஷெல், பெயரின் நடுவிலுள்ள இடைவெளியில் அதை இரண்டாக வெட்டி, 'மண்டி'யை அழித்துவிடும். 'பழையது' என்ற பெயரில் எதுவும் இல்லாததால் பழைய கோப்புறை அப்படியே இருக்கும்.

இது வெறும் கற்பனைப் பயமல்ல. 2001 நவம்பரில் ஆப்பிளின் ஐட்யூன்ஸ் 2.0 நிறுவல் ஸ்கிரிப்ட் இப்படித்தான் சிலரின் வட்டையே துடைத்தது. உடனே அதைத் திரும்பப் பெற்று 2.0.1 வெளியிட்டார்கள். 2015-இல் லினக்ஸுக்கான ஸ்டீம் ஸ்கிரிப்டில் மேற்கோள் குறி சரியாகவே இருந்தது. ஆனால் மாறி காலியாகிப்போனதால், அழிக்கும் கட்டளை வேர்க் கோப்புறையிலிருந்தே தொடங்கியது.

ஆகவே ஸ்கிரிப்ட் எழுதும் தம்பி தங்கைகளே, மாறி வருமிடமெல்லாம் இரட்டை மேற்கோள் போடுங்கள். ஒற்றை மேற்கோள் உதவாது. அதற்குள் மாறியின் மதிப்பு வராது, பெயர்தான் அப்படியே நிற்கும். மாறி காலியாக இருந்தால் ஸ்கிரிப்ட் அங்கேயே நிற்கட்டும். அழிக்கும் வரியை முதலில் அச்சிட்டுப் பாருங்கள். ஷெல்செக் என்ற இலவசக் கருவி மேற்கோள் விட்ட இடங்களைச் சுட்டிக்காட்டும். மென்பொருளைத் தொகுக்க உதவும் மேக் (make) கருவிக்கு இடைவெளியுள்ள பெயர்களே ஒத்துவராது. திட்டக் கோப்புறைப் பெயரில் இடைவெளி வேண்டாம்.

கடை நடத்துபவர்களே, காசு கொடுத்து வாங்கிய மென்பொருள் கணக்கை அழித்தால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் வழி உண்டு. பிழைப்புக்காகத் தானே கடை நடத்துபவரும் அச்சட்டப்படி நுகர்வோர்தான். 1915 என்ற உதவி எண்ணில் முறையிடலாம்; தீராவிட்டால், கணக்கு அழிந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் கோவை மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை. இலவச மென்பொருளுக்கு இந்த வழி கிடையாது. ரசீது, பிழைச்செய்தியின் படம், ஸ்கிரிப்டின் நகல் மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். அழிந்த வட்டில் புதிதாக எதையும் எழுதாதீர்கள். எழுதினால், மீட்கக்கூடியதும் மீட்க முடியாமல் போகும்.

அடுத்த புதுப்பிப்புக்கு முன் கணக்கைத் தனி வட்டில் நகலெடுத்து, அதைக் கணினியிலிருந்து கழற்றி வையுங்கள்.