பாதை ஓடிய துறையில் பாலம்

சங்குப்பிட்டியில் பாலம் வருவதற்கு முன் ‘பாதை’ ஓடியது. காரைநகர், ஊர்காவற்றுறைப் பக்கத்தார் இன்றும் புழங்கும் சொல்தான்: மிதவைகளின் மேல் தளம் போட்டு, ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிக் கடல்நீரேரியைக் கடக்கும் கலம். அக்கரை கேரதீவு. பாதை ஓடாத நாளில் பூநகரியார் யாழ்ப்பாணம் போகப் பரந்தன், ஆனையிறவு என்று சுற்ற வேண்டும்.

பாதையின் பழுது ஒளிந்திருக்காது. மிதவைக்குள் தண்ணீர் ஏறினால் ஒரு பக்கம் தாழும். பாரம் கூடினால் ஏறி நிற்பவரின் காலுக்கே தெரியும். ஒரு லொறியை இறக்கிவிட்டுப் போங்கள் என்று சனமே சொல்லும்.

போர் அந்தத் துறையை மூடியது. தொண்ணூறுகளில் மக்கள் இருட்டில், உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு, கிளாலிக் கடலைப் படகில் கடந்தார்கள்.

2011 ஜனவரி 16 அன்று சங்குப்பிட்டியில் 288 மீற்றர் நீள உருக்குப் பாலம் திறக்கப்பட்டது. மன்னாரிலிருந்து வரும் ஏ-32 வீதி கடலைத் தாண்டியது. காத்துக் கிடந்த கடவையை இன்று ஒரு நிமிடத்தில் கடக்கிறோம். எனக்கு அதில் பெரிய மகிழ்ச்சி. கூடவே ஒரு கவலையும் உண்டு: இந்தப் பாலத்தின் பழுது ஏறிப் போகிறவருக்குத் தெரியாது.

எந்நேரமும் தண்ணீருக்குள் கிடக்கும் உருக்குக்கு ஒட்சிசன் குறைவு. கறள் மெல்லவே ஏறும். அலை தெறித்து நனைவதும் வெயிலில் காய்வதுமாக இருக்கும் பட்டைதான் முதலில் போகும். சோளகம் வீசும் மாதங்களில் உப்புத் தூவானம் தளத்தின் கீழ்ப்புற மூட்டுகளில் படியும். மழை அங்கே கழுவாது. கடலில் நிற்கும் கொங்கிறீற் தூணுக்குள் நடப்பது இன்னும் மறைவு. உப்பு நுண்துளைகளால் இறங்கிக் கம்பியைத் தொடும். கறளாகும் இரும்பு முன்னிருந்ததைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். கொங்கிறீற் உள்ளிருந்தே பிளக்கும். வெடிப்பு வெளியே தெரியுமுன், சுத்தியலால் தட்டினால் பொள்ளலாகச் சத்தம் வரும். தட்டிப் பார்க்க ஆள் வேண்டும்.

கடலுக்கு அந்தப் பக்கம் 1914இல் திறந்த பாம்பன் ரயில் பாலம் நூறாண்டுக்கு மேல் உழைத்தது. கறள் சுரண்டுவதும் பெயின்ற் பூசுவதும் தேய்ந்த பாகங்களை மாற்றுவதும் நிற்காமல் நடந்ததால்தான். அப்படியும் 2022 டிசம்பரில் ரயில்களை நிறுத்த வேண்டி வந்தது. அமெரிக்காவில் சில்வர் பாலம் 1967இல் ஒரேயொரு இணைப்புத் துண்டு வெடித்ததால் ஆற்றில் விழுந்து 46 பேர் இறந்தார்கள். பாலங்களைக் காலக்கிரமமாகப் பரிசோதிக்கும் சட்டம் அங்கே அதற்குப் பிறகே வந்தது. பாலம் கட்டும் பணத்தோடு அதைப் பார்ப்பதற்கான பணத்தையும் முதல்நாளே எடுத்துவைக்க வேண்டும் என்பேன்.

பரிசோதிக்க வரும் பொறியியலாளர் வாகனத்தை மேலே விட்டுவிட்டு ஒரு வள்ளத்தில் ஏறட்டும். பாலத்தின் அடிப்புறத்தை அண்ணாந்து பார்ப்பவர்கள் அங்கே இறால் பிடிக்கிறவர்கள் மட்டும்தான். போன சோளகத்துக்கும் இந்தச் சோளகத்துக்கும் எந்த மூட்டில் கறள் பரந்திருக்கிறது என்று அவர்களிடம் கேட்கலாம்.