பழைய பவர் டில்லர் வாங்குவோர் கவனத்திற்கு

காரைக்கால் காவிரியின் கடைமடை. மேட்டூர் நீர் அரசலாற்றின் வழியே வந்து சேர்வதற்கும் வடகிழக்குப் பருவமழை வலுப்பதற்கும் இடையே உழவுக்குக் கிடைக்கும் நாட்கள் சிலவே. அப்பொழுது எந்திரம் பழுதுற்று நின்றால் நடவு பிந்தும். இளம்பயிர் மழைநீரில் மூழ்கும். ஆதலின் பழைய பவர் டில்லரைக் கோடையிலேயே வாங்கிச் செப்பனிடுதல் நன்று.

எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே ஓட்டிக் காட்டும்படி நாம் கேட்கவேண்டும். நீலப் புகை நீடித்து வருமாயின், பிஸ்டன் வளையங்கள் தேய்ந்து எண்ணெய் எரிகின்றது என்பது பொருள். கியர்ப் பெட்டியின் எண்ணெய் பால்போல் வெளுத்திருப்பின், தேய்ந்த சீல்களின் வழியே நீர் புகுந்துள்ளது. இவ்விரண்டும் செலவு மிகுந்த பழுதுகள். சுழல்கலப்பையின் கத்திகள் தேய்ந்திருத்தல் இயல்பே. அவற்றை எளிதில் மாற்றலாம். சேற்றுழவுக்குரிய இரும்புக் கூண்டுச் சக்கரங்களும் உடன் வருதல் வேண்டும்; களிமண் வயலில் ரப்பர்ச் சக்கரம் வழுக்கும்.

வாங்கும் விலையுடன் செப்பனிடும் செலவையும் கூட்டுக. அத்தொகையை, மானியம் கிடைக்குமாயின் அது கழித்த புதிய எந்திரத்தின் விலையோடு ஒப்பிடுக. வேறுபாடு சிறிதாயின் புதியதே சிக்கனம். தனியே வாங்க இயலாத சிறு விவசாயிகள் சிலர் கூடி ஒன்றை வாங்கி, உழவு முறையையும் பழுதுச் செலவையும் முன்னரே எழுதி வைத்துக்கொள்வாராக.