நான்கும் ஐந்தும் ஒன்பது

தந்தையாரின் பரிசோதனை அறிக்கை வீட்டிற்கு வருகிறது. கல்லூரியிற் பயிலும் மகன் அதனைப் பிரித்துப் பார்க்கிறான். ‘4 + 5 = 9’ என்றிருக்கிறது. பத்துக்கு ஒன்பது, நல்ல புள்ளியன்றோ என எண்ணி மகிழ்கிறான். தாய்க்கோ ‘புற்றுநோய்’ என்னும் ஒரு சொல்லே கண்ணிற் படுகிறது, ஏங்கி உட்கார்ந்துவிடுகிறார். இருவர் எண்ணமும் பிழையே. அந்த எண் பரீட்சைப் புள்ளியுமன்று, மரண ஓலையுமன்று. பின் அது கூறுவது யாது?

புரொஸ்டேட் என்பது ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே அமைந்த சிறு சுரப்பி. அதிற் புற்றுநோய் உண்டோ என ஐயம் எழுந்தால், வைத்தியர் மெல்லிய ஊசியினால் அதன் பல பகுதிகளிலிருந்து இழையத் துண்டுகளை எடுப்பார். நோயியல் வல்லுநர் அவற்றை நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்ப்பார்.

அவர் பயன்படுத்தும் அளவுகோலை 1966 இல் வெளியிட்டவர் டொனால்ட் கிளீசன் என்னும் அமெரிக்க நோயியலறிஞர். கலங்கள் ஒழுங்கான சுரப்பி வடிவத்தை இழக்க இழக்க, ஒன்றிலிருந்து ஐந்து வரை எண் உயரும். மிகுதியாயுள்ள அமைப்பின் எண் முதலில் வரும்; அதனோடு கலந்துள்ள மற்றோர் அமைப்பின் எண் அடுத்து வரும். இரண்டையும் கூட்டினால் கிளீசன் எண் கிடைக்கும். இன்றைய வழக்கில் ஆறே மிகக் குறைந்த எண். ‘3 + 4’, ‘4 + 3’ இரண்டும் ஏழுதான். ஆயினும் பின்னதே கடுமையானது. எட்டு முதல் பத்து வரை வேகமாகப் பரவும் இயல்புடையவை. 2014 இல் வகுத்த ஐந்து பிரிவுகளில் ஒன்பதும் பத்தும் ஐந்தாம் பிரிவைச் சேரும்.

ஆனால், நோயின் இயல்பு வேறு; அது பரவியுள்ள நிலை வேறு. இதனை மறத்தலாகாது. பீ.எஸ்.ஏ. இரத்தப் பரிசோதனை, எம்.ஆர்.ஐ. படம், எலும்புப் பரிசோதனை முதலியவை பரவலை அறிய உதவும். எண் ஒன்பதாயினும் நோய் சுரப்பியை விட்டு வெகுதூரம் செல்லாதிருப்பின், குணமாக்கும் நோக்குடனேயே சிகிச்சை தொடங்கலாம்.

வழிகள் முக்கியமாக இரண்டு. ஒன்று, சத்திரசிகிச்சையாற் சுரப்பியையும் அருகிலுள்ள நிணநீர்க் கணுக்களையும் அகற்றுதல். அதன்பின் கதிர்ச் சிகிச்சை தேவைப்படுதலும் உண்டு. மற்றது, கதிர்ச் சிகிச்சையுடன் ஒன்றரை முதல் மூன்று ஆண்டுகள் வரை ஓமோன் அடக்கும் மருந்து. ஆண் ஓமோனைக் குறைத்தால் இந்நோய் தளரும் என்பதை 1941 இற் காட்டிய சார்ள்ஸ் ஹகின்ஸ், 1966 இல் நோபெல் பரிசு பெற்றார். நோய் எலும்பு முதலியவற்றிற்குப் பரவியிருப்பின், ஓமோன் சிகிச்சையோடு வேறு மருந்துகளும் சேர்க்கப்படும்.

ஒவ்வொரு வழிக்கும் விலையுண்டு. சத்திரசிகிச்சைக்குப்பின் சிறுநீர் கசியலாம், ஆண்மை குன்றலாம். கதிர்ச் சிகிச்சையால் குடலும் சிறுநீர்ப்பையும் உறுத்தப்படலாம். ஓமோன் மருந்தினால் எலும்பு மெலியும், உடல் திடீரெனக் கொதிக்கும், சோர்வு தோன்றும். எதனைத் தாங்க வல்லோம் என்பதை நோயாளரே சீர்தூக்க வேண்டும்.

ஆதலின் அறிக்கையைத் தந்தையிடமிருந்து மறைத்தல் அன்பாகாது. அவரையும் அழைத்துக்கொண்டு வைத்தியரிடம் செல்லுங்கள். கேள்விகளை முன்னரே தாளில் எழுதுங்கள். ஐயமிருப்பின், அதே இழையத் துண்டுகளை மற்றொரு வல்லுநரும் பார்க்கும்படி கேட்கலாம், அது முறையே. குடும்பத்திற் பலருக்குப் புற்றுநோய் வந்திருப்பின் அதனையும் கூறுங்கள். பரம்பரைக் காரணமிருப்பின் பிள்ளைகளுக்கும் அது பயன்படும் செய்தியாகும்.

எண்ணைக் கண்டு மகிழவும் வேண்டா, மலைக்கவும் வேண்டா. பொருளறிந்து, காலந்தாழ்த்தாது செயற்படுதலே வேண்டும்.