நீங்கள் லோரியைப் பார்க்கிறீர்கள். ஓட்டுநர் உங்களைப் பார்க்கிறாரா?

ஊர் உறங்கும் நேரத்தில்தான் செலாயாங் மொத்தச் சந்தை விழித்துக்கொள்ளும். கேமரன்மலையிலிருந்தும் மற்ற இடங்களிலிருந்தும் காய்கறி ஏற்றிய லோரிகள் வரிசையாக வந்து சேரும். பகுதி நேர வேலை முடிந்து மோட்டார் சைக்கிளில் வீடு திரும்பும் மாணவர்களும் அதே சாலைகளைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

இவ்வளவு பெரிய லோரி நம் கண்ணில் படாமல் போகாது. ஆனால், அதன் ஓட்டுநர் கண்ணில் நாம் படுகிறோமா?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். தாழ்த்திய முன்விளக்கின் வெளிச்சம் ஏறக்குறைய 40 முதல் 60 மீட்டர் வரைதான் பயன்படும். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் லோரி ஒரு விநாடிக்கு 22 மீட்டர் ஓடுகிறது. ஆபத்தைக் கண்டு பிரேக்கை மிதிக்க ஓட்டுநருக்கு ஒன்றரை விநாடி ஆனால், அதற்குள் 33 மீட்டர் கடந்துவிடும். பாரம் ஏற்றிய லோரி அதற்குப் பிறகும் பல மீட்டர் ஓடித்தான் நிற்கும். கறுப்புச் சட்டையுடன், பின்விளக்கு எரியாத மோட்டாரில் செல்பவரைக் கண்டதும் நிறுத்த அவரால் முடியாது.

ஒளியைத் திருப்பி அனுப்பும் பட்டை உதவும். ஆனாலும், அது ஒளியை வந்த வழியே முன்விளக்கை நோக்கி அனுப்புகிறது. லோரி ஓட்டுநர் விளக்கைவிட மிக உயரத்தில் அமர்ந்திருப்பதால், கார் ஓட்டுநருக்குத் தெரியும் அளவுக்கு அது அவருக்குப் பளிச்சென்று தெரியாது.

இடப்பக்கம் இன்னும் ஆபத்தானது. நம் நாட்டில் ஓட்டுநர் வலப்பக்கம் அமர்கிறார். இடது கதவை ஒட்டிய இடமும் வண்டியின் நேர் பின்புறமும் அவருக்குப் பெரிதும் மறைந்துவிடும். சமிக்ஞை விளக்கில் லோரியின் இடப்பக்கம் நுழைந்து நிற்பது பலருக்குப் பழக்கம். லோரி இடப்பக்கம் திரும்பினால், பின்சக்கரங்கள் முன்சக்கரங்களின் தடத்தில் செல்லாமல் உட்பக்கமாக ஒதுங்கி வரும். அங்கே நிற்பவருக்குத் தப்ப இடமிருக்காது.

மோட்டார் சைக்கிளின் முன்விளக்கு பகலிலும் எரிய வேண்டும் என்ற விதி 1992 முதல் நம் நாட்டில் உள்ளது. அந்த விளக்கு எதிரே வருபவருக்கு நம்மைக் காட்டும்; பக்கத்தில் இருப்பவருக்குக் காட்டாது.

ஆகவே மாணவர்களே, புறப்படும் முன் பின்விளக்கைச் சோதியுங்கள். வெளிர் நிற மேலாடை அணியுங்கள். லோரியின் பக்கக் கண்ணாடி உங்களுக்குத் தெரியாவிட்டால், அந்தக் கண்ணாடியில் நீங்களும் தெரியமாட்டீர்கள். அப்போது முந்தாதீர்கள், பின்வாங்கி, இடைவெளி விட்டு நில்லுங்கள். அடுத்த பச்சை விளக்கு வரக் காத்திருந்தாலும் வீடு போய்ச் சேரலாம்.