தார் பாலைவனத்தில் நான்கு நாள் நடை: புறப்படும் முன் கவனிக்க வேண்டியவை

மும்பையில் வேலை பார்க்கும் நம்மவர்களுக்கு விடுமுறை என்றால் ஊர்ப் பயணம்தான். மூட்டை முடிச்சுகளுடன் ரயிலேறி, கோயில் கொடை, கல்யாணம், காதுகுத்து என்று பத்து நாட்களைக் கழித்துவிட்டு, கையிருப்பும் கரைந்து திரும்பி வருவோம். வடக்குப் பக்கம் திரும்பிப் பார்ப்பவர்கள் குறைவு. ஆனால் பாந்த்ராவில் ரயிலேறினால் ஓர் இரவுப் பயணத்தில் ஜோத்பூர் வந்துவிடுகிறது. அங்கிருந்து சுமார் 290 கிலோமீட்டரில் ஜெய்சல்மேர். அதைத் தாண்டினால் தார் பாலைவனத்தின் மணல்தான்.

அந்த மணலில் வழிகாட்டியுடன் நான்கு நாள் நடந்து, மூன்று இரவு கூடாரத்தில் தங்கிவிட்டு வந்தோம். நாங்கள் ஐந்து பேர்: மூவர் அலுவலகக் குமாஸ்தாக்கள், ஒருவர் ஆலைத் தொழிலாளி, ஐந்தாமவர் எங்கள் எல்லோருக்கும் மூத்தவரான அண்ணாச்சி. போகிற வழியில் நாங்கள் செய்த ஒரு தவறு பெரிய ஆபத்தில் முடிந்திருக்கும். பிறருக்கும் அது நேரக் கூடாது என்பதால் நடந்ததை மறைக்காமல் எழுதுகிறேன்.

எந்த மாதம் ஏற்றது?

நவம்பர் பாதியிலிருந்து பிப்ரவரி முடிய உள்ள காலமே நடைக்கு ஏற்றது. மே மாதத்தில் ஜெய்சல்மேரில் பகல் வெப்பம் 41 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது சாதாரணம். அந்த நாட்களில் மணலில் நடப்பது உயிரோடு விளையாடுவதாகும். ஜனவரியில் பகல் வெப்பம் 23, 24 டிகிரிதான். நம் ஊர் மார்கழிக் காலை போல இதமாக இருக்கும்.

இரவு மட்டும் வேறு கதை. ஜனவரி இரவில் வெப்பம் 8 டிகிரியை ஒட்டி இறங்கும். சில இரவுகளில் இன்னும் கீழே போகும். காற்றில் ஈரம் இல்லை, வானத்தில் மேகம் இல்லை. பகலில் வாங்கிய சூட்டை மணல் பிடித்து வைத்துக்கொள்ளாமல் வானத்துக்கே திருப்பி விடுகிறது. மும்பையில் கம்பளியையே கண்ணால் காணாத நமக்கு அந்தக் குளிர் எலும்பு வரை ஏறும். “பாலைவனம்தானே, ஒரு போர்வை போதும்” என்று வந்த எங்கள் ஆலைத் தோழர் முதல் இரவு முழுவதும் அடுப்பங்கரையிலேயே உட்கார்ந்திருந்தார்.

ரயில் முன்பதிவு 2024 நவம்பர் முதல் 60 நாட்களுக்கு முன்பே திறக்கிறது. முதலில் லீவுக்கு மனு கொடுங்கள். அது கையெழுத்தான பிறகு டிக்கெட் எடுங்கள். நடைக்கு நான்கு நாள் என்றால், போய்வர மூன்று நாளும் சேர்த்து ஒரு வாரம் வேண்டும்.

கால்களுக்குப் பயிற்சி

லோக்கல் ரயிலைப் பிடிக்க ஓடுகிறோம், மாடிப்படி ஏறுகிறோம், அது போதாதா என்று கேட்கலாம். போதாது. இளகிய மணலில் நடப்பதற்குக் கெட்டித் தரையில் நடப்பதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் உழைப்பு தேவைப்படுகிறது. ஓர் அடி வைத்தால் கால் அரை அடி பின்வாங்குகிறது. நாளொன்றுக்கு 10 முதல் 14 கிலோமீட்டர் என்று காகிதத்தில் படிக்கும்போது சுலபமாகத் தோன்றும். கெண்டைக்கால் சதைக்குத்தான் அதன் அருமை தெரியும்.

புறப்படுவதற்கு ஆறு வாரம் முன்பே தொடங்கிவிட வேண்டும். வாரத்தில் மூன்று நாள் ஒரு மணி நேரம் வேகமாக நடக்கலாம். ஞாயிற்றுக்கிழமைகளில் ஜூஹு கடற்கரைக்குப் போய், அலை நனைத்த கெட்டி மணலை விட்டுவிட்டு, மேலே காய்ந்து கிடக்கும் மணலில் தோளில் பையோடு நடக்கலாம். போரிவிலி தேசியப் பூங்காவில் கான்ஹேரிக் குகை வரை ஏறி இறங்குவதும் நல்ல பயிற்சி.

எங்கள் அண்ணாச்சி மட்டும் ஒரு நாளும் வரவில்லை. திருச்செந்தூர்ப் பக்கம், குதிரைமொழித் தேரியை ஒட்டிய கிராமத்தில் பிறந்தவர் அவர். “தேரி மணல்ல வெறுங்காலோட ஓடி வளந்தவன்டே நான். எனக்கு என்ன பயிற்சி வேண்டிக் கிடக்கு?” என்று சிரித்துவிட்டார். அவர் தேரியில் ஓடியது பத்து வயதில். இப்போது ஐம்பத்து மூன்று என்பதை அவரும் நினைக்கவில்லை, நாங்களும் நினைவூட்டவில்லை.

மூட்டையில் என்ன இருக்க வேண்டும்?

பெரிய சுமையை ஒட்டகம் சுமக்கும். உங்கள் தோளில் பகலுக்கு வேண்டியது மட்டும் இருந்தால் போதும். ஆயினும் கீழ்க்கண்டவை இல்லாமல் புறப்படாதீர்கள்.

செருப்பு போதாது, கணுக்காலை மூடும் கேன்வாஸ் பூட்ஸ் வேண்டும். அது குறைந்தது மூன்று வாரம் காலில் போட்டுப் பழகியதாக இருக்க வேண்டும். புதுப் பூட்ஸ் போட்டு வந்தவருக்கு இரண்டாம் நாளே குதிகாலில் கொப்புளம் நிச்சயம். காலுறை நான்கு ஜோடி. மணல் உள்ளே புகாமலிருக்க, பழைய துணியைக் கிழித்துக் கணுக்காலைச் சுற்றிப் பட்டி கட்டிக்கொள்ளலாம்.

முழுக்கைப் பருத்திச் சட்டை இரண்டு, தளர்ந்த காற்சட்டை இரண்டு. இரவுக்கு ஸ்வெட்டர், காது மூடும் குல்லா, கையுறை. போர்வையும் ரஜாயும் தருகிறார்களா என்று முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளவும். நம்மூர்த் துண்டு ஒன்று கட்டாயம் வேண்டும். தலைப்பாகையாக வெயிலைத் தடுக்கும்; காற்றில் மணல் பறந்தால் மூக்கையும் வாயையும் மூடும். ராஜஸ்தானத்துக்காரர் பெரிய தலைப்பாகை கட்டுவது அழகுக்கு மட்டுமல்ல என்பது அங்கே போனதும் விளங்கும்.

கண்ணாடி அணிபவர்கள் மாற்றுக் கண்ணாடி ஒன்று கொண்டுபோகவும். டார்ச் விளக்கு, உபரி பாட்டரி, ஊதல், உதட்டுக்கு வாசலின், பஞ்சு, பிளாஸ்திரி, வழக்கமாகச் சாப்பிடும் மருந்துகள், ஒரு பொட்டலம் வெல்லம், கொஞ்சம் வேர்க்கடலை. ஜெய்சல்மேர் எல்லையோர மாவட்டமாதலால் அடையாள அட்டை எப்போதும் கைவசம் இருக்கட்டும். கைபேசியை நம்பி இருக்க வேண்டாம். பல இடங்களில் அது மணி பார்க்க மட்டுமே பயன்படும்.

தண்ணீர்க் கணக்கு

குளிர்காலமானாலும் நடக்கும் நாளில் ஆளுக்கு 3 முதல் 4 லிட்டர் தண்ணீர் வேண்டும். உலர்ந்த காற்றில் வியர்வை உடனே காய்ந்துவிடுவதால், உடம்பிலிருந்து நீர் போவதே தெரியாது. தாகம் எடுக்கட்டும் என்று காத்திராமல், அரை மணிக்கு ஒரு முறை சில மிடறு குடிக்கவும். சிறுநீர் அடர்மஞ்சளாக இருந்தால் தண்ணீர் போதவில்லை என்று பொருள். வெறும் தண்ணீர் மட்டும் குடிக்காமல் உப்புள்ள உணவும் சாப்பிட வேண்டும். வயிற்றுப்போக்கு கண்டால், ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் ஆறு மட்டமான தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்து அடிக்கடி குடிக்கக் கொடுக்கவும்.

இன்னொன்று. அங்கே கிராமத்தார் மழைநீரை நிலத்தடித் தொட்டியில் சேமித்து ஆண்டு முழுவதும் காப்பாற்றுகிறார்கள். ஆண்டுக்கு 200 மில்லிமீட்டர் அளவுக்கே மழை பெய்யும் பூமி அது. அந்தத் தண்ணீரில் முகம் கழுவக் கேட்காதீர்கள். குழாயில் தண்ணீர் வரும் நேரத்துக்கு அலாரம் வைத்து எழுந்திருக்கும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நோயை மறைக்காதீர்கள்

இப்போது எங்கள் தவறுக்கு வருகிறேன்.

புறப்படுவதற்கு முன் எல்லோரும் ஒரு படிவம் நிரப்பித் தர வேண்டும். இரத்த அழுத்தம், சர்க்கரை, ஆஸ்துமா, இருதய நோய் உண்டா என்று அதில் கேட்டிருந்தது. அண்ணாச்சிக்கு எட்டு வருடமாகச் சர்க்கரை. தினம் காலையில் மாத்திரை. அவர் எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்று எழுதிக் கையெழுத்திட்டார். “என்ன அண்ணாச்சி இது?” என்று கேட்டேன். “எழுதினா கூட்டிட்டுப் போவ மாட்டான்லா. நீ சும்மா இருடே” என்றார். நானும் சும்மா இருந்துவிட்டேன்.

இரண்டாம் நாள் காலை. கம்பு ரொட்டி தொண்டையில் இறங்கவில்லை என்று ஒரு துண்டோடு எழுந்துவிட்டார். மாத்திரையை மட்டும் வழக்கம் போலப் போட்டுக்கொண்டார். பதினோரு மணிக்கு ஒரு பெரிய மணல்மேட்டின் சரிவில் திடீரென்று உட்கார்ந்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது, கை சில்லென்று இருந்தது, விரல் நடுங்கியது. பேச்சு குழறியது. நான் யார் என்று என்னையே கேட்டார்.

வழிகாட்டி வெயில் தாக்கிவிட்டது என்று எண்ணி, நிழல் கட்டித் தண்ணீர் தெளிக்க ஆரம்பித்தார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. அவரிடம் இருந்த காகிதத்தில் ‘நோய் இல்லை’ என்றுதானே எழுதியிருந்தது! அப்போதுதான் எனக்கு வாய் திறந்தது. “இவருக்குச் சர்க்கரை வியாதி உண்டு” என்று எனக்குத் தெரிந்த இந்தியில் கத்தினேன்.

வழிகாட்டி ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு ஒட்டகத்தின் பையிலிருந்து வெல்லத்தை எடுத்து நீரில் கரைத்து, மெல்ல மெல்லக் குடிக்க வைத்தார். நல்லவேளையாக அண்ணாச்சிக்கு விழுங்கும் அளவுக்கு நினைவு இருந்தது. நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. ஊற்றினால் மூச்சுக்குழலில் போய்விடும். கால் மணி நேரத்தில் பேச்சுத் தெளிந்தது. பிறகு ரொட்டி கொடுத்து, ஒட்டகத்தின் மேல் ஏற்றி முகாமுக்குக் கொண்டுபோனோம். நல்ல ஆஸ்பத்திரிக்குப் போக ஜெய்சல்மேருக்குத்தான் வர வேண்டும். அன்று வெல்லம் இல்லாமல் போயிருந்தால் அண்ணாச்சியின் வீட்டுக்கு நான் என்ன பதில் சொல்லியிருப்பேன் என்று இன்றும் நினைத்துப் பார்க்கிறேன்.

இரவு அடுப்பின் முன்னால் வழிகாட்டி கோபமில்லாமல் சொன்னார்: “ஒட்டகத்துக்கு வாய் பேசாது. அதற்கு நோவு என்றால் நாங்களே பார்த்துத் தெரிந்துகொள்வோம். உங்களுக்கு வாய் இருக்கிறதே, சொல்லக் கூடாதா?” எங்களில் ஒருவரும் பதில் சொல்லவில்லை.

சர்க்கரை உள்ளவர்கள் பாலைவனம் போகவே கூடாது என்பதில்லை. முன்கூட்டி டாக்டரிடம் போய், நடக்கும் நாட்களில் மாத்திரை அளவை மாற்ற வேண்டுமா என்று கேட்க வேண்டும். காலை ஆகாரத்தைத் தவிர்க்கக் கூடாது. பையில் வெல்லமோ சர்க்கரையோ இருக்க வேண்டும். உடன் வருபவர்களுக்கும் வழிகாட்டிக்கும் விஷயம் தெரிந்திருக்க வேண்டும். இருதய நோய் உள்ளவர்கள் டாக்டர் அனுமதியின்றிப் புறப்படவே வேண்டாம்.

வழிகாட்டியிடம் கேட்க வேண்டியவை

பணம் கட்டும் முன் இவற்றைக் கேளுங்கள். ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர் குடிநீர்? முதலுதவிப் பெட்டி உண்டா? ஆபத்து நேர்ந்தால் ஜீப் எங்கிருந்து, எத்தனை நேரத்தில் வரும்? கட்டணத்தில் சாப்பாடும் போர்வையும் சேர்ந்ததா? மழுப்பலாகப் பதில் சொல்பவரிடம் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

பாம்பு பயம் பலருக்கு உண்டு. சுருட்டை விரியன் அந்த மணலில் வாழ்வதே. குளிர்காலத்தில் நடமாட்டம் குறைவு. ஆயினும் இரவில் டார்ச் இல்லாமல் காலை வைக்காதீர்கள். காலையில் பூட்ஸைத் தலைகீழாகத் தட்டிவிட்டுப் போடுங்கள்; தேள் இருக்கலாம். கடித்துவிட்டால் கீறுவதோ உறிஞ்சுவதோ இறுக்கிக் கட்டுவதோ கூடாது. கடிபட்ட உறுப்பை அசைக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

போனால் என்ன காணலாம்?

பாலைவனம் என்றால் வெறும் மணல் என்று நினைத்துப் போனோம். மணல்மேடுகளை விட முள்புதரும் கல்தரையும் அதிகம். நம் கோயில்களில் தலவிருட்சமாக வணங்கும் வன்னிமரம் அங்கே வயலெங்கும் நிற்கிறது. அதுவே ராஜஸ்தானத்தின் மாநில மரம். அதன் காயைத்தான் ‘சாங்ரி’ என்று கறி சமைக்கிறார்கள். எருக்கஞ்செடி, கம்புப் பயிர், மோர் எல்லாம் நமக்கு அந்நியமானவை அல்ல. சிங்காரா மான்கள் தூரத்தில் ஓடின. அருகி வரும் கானமயிலுக்கும் அந்தப் பூமியே கடைசிப் புகலிடங்களில் ஒன்று; எங்கள் கண்ணில் அது படவில்லை.

கொண்டுபோன பிளாஸ்டிக் உறைகளை எல்லாம் திருப்பிக் கொண்டு வாருங்கள். ஆடும் ஒட்டகமும் அவற்றைத் தின்று சாகின்றன.

நான்காம் நாள் காலை அண்ணாச்சி கடைசி 3 கிலோமீட்டரை நடந்தே வந்தார். வயிறாரக் கம்பு ரொட்டி சாப்பிட்டிருந்தார். வழிகாட்டி அவர் பக்கத்திலேயே நடந்தார். மேட்டின் உச்சியில் நின்று சுற்றிலும் பார்த்தவர், “எங்க தேரி செவப்பா இருக்கும்டே” என்று மட்டும் சொன்னார்.

அடுத்த குளிர்காலத்துக்கு மறுபடி பெயர் கொடுத்திருக்கிறோம். இம்முறை படிவத்தை அண்ணாச்சியே முதலில் வாங்கி, சர்க்கரை என்ற இடத்தில் ‘உண்டு’ என்று எழுதி, மாத்திரையின் பெயரையும் பக்கத்தில் குறித்துக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஜூஹு மணலிலும் எங்களுக்கு முன்னால் வந்து நிற்கிறார்.